அடுத்த ஆல்பம் எப்போது? நம் காத்திருப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது

"கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் அடுத்த ஆல்பம் எப்போண்ணா வரும்? திருவண்ணாமலைக்கு வருவாங்களா, இல்ல மெட்ராஸோட முடிச்சிடுவாங்களா?"

போளூரில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் நான்கு பேர் டீக்கடையில் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். யாரோ ஸ்டுடியோவில் நிற்கிற படம் இன்ஸ்டாகிராமில் வந்திருக்கிறது, அப்படியென்றால் பாட்டு ரெடி என்பான் ஒருவன். மார்கழி வரட்டும், மக்களிசை மேடையில் புதுப் பாட்டு இறங்கும் என்பான் இன்னொருவன். அறிவு தனிக்குழு வைத்துவிட்டார், பழைய கூட்டம் இனி முழுதாகச் சேராது என்று அடித்துச் சொல்வான் மூன்றாமவன். டீ ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது சினிமா ரசிகர் மன்றப் பேச்சாகத்தான் தெரியும். எங்களில் சிலருக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. சாதிச் சான்றிதழுக்கு அலைகிறவர்கள், சுடுகாட்டுப் பாதைக்கு மனு கொடுக்கிறவர்கள் இருக்கிற தெருவில் ஒரு பாட்டுக்குழுவின் அடுத்த சுற்றுப்பயணத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்டோம். பிறகு யோசித்தபோது வேறொன்று புரிந்தது. "அடுத்து எப்போது பாடுவார்கள்?" என்று கேட்டுக் காத்திருப்பது நம் மக்களின் வரலாற்றில் புதிய காரியம். நம் தாத்தாக்களைப் பார்த்து ஊர் கேட்ட கேள்வி வேறு: "பொணம் கெடக்குது, மோளம் அடிக்க ஏண்டா இன்னும் வரல?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கூப்பிட்டால் போயாக வேண்டிய இசை

புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளை எண்ணிச் சொல்கிறது. நான்கில் மூன்று பெயர்கள் இசையோடு ஒட்டியவை. இழிவு என்ற பேச்சே அங்கு இல்லை. அதே பறையின் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்து ஆங்கில அகராதிக்குள் 'பரையா' என்று போய், ஒதுக்கப்பட்டவன், விரட்டப்பட்டவன் என்ற பொருளில் உலகமெங்கும் புழங்கியது. ஒரு கருவியை வாசித்தவனின் பெயர் வசைச்சொல்லானது எப்படி? அந்தக் கருவியை எப்போது, எங்கே, யாருக்காக அடிப்பது என்பதை அவன் முடிவு செய்ய முடியாமல் போனதில்தான் அது தொடங்குகிறது.

வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். சொந்த வீட்டில் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போக வேண்டும். ஆட்டம், அடி, கண்ணீர் எல்லாம் முடிந்த பிறகு கிடைப்பது கொஞ்சம் நெல், பழைய வேட்டி, ஒதுக்குப்புறத்தில் வைத்து ஊற்றும் சாராயம். திருவிழாவிலும் இதே கதை. சாமிக்கு முன்னால் பறை போகும், அடிக்கிற ஆள் கோயிலுக்குள் போக முடியாது. அந்த அடியில் எத்தனை வகை இருக்கிறது, யார் கை சுத்தமான கை என்று ஊரில் எவரும் பெயர் சொல்லி நினைவு வைத்துக்கொள்ளவில்லை. பறையர், அருந்ததியர் என்று எந்தத் தெருக் கலைஞராக இருந்தாலும் நிலைமை இதுதான்.

காத்திருந்து கேட்கும் இசையும் நம் வட்டாரத்தில் இருந்தது. பங்குனி, சித்திரையில் திரௌபதியம்மன் கோயில் பாரதம் தொடங்கினால் எந்த ஜமா வருகிறது, துரியோதனன் வேஷம் யார் என்று ஊரே பேசும். வெற்றிலை பாக்கில் பணம் வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இன்று பிள்ளைகள் ஆல்பம் பற்றிப் போடும் ஊகத்துக்குத் தாத்தா அந்தப் பேச்சுதான். ஆனால் அச்சாரம் கொடுக்கிற கை ஊர்க்காரரின் கை. நம்மவர்கள் பல ஊர்களில் தள்ளி நின்று, விடிய விடியக் கால் கடுக்கப் பார்த்துவிட்டு, விடிந்ததும் அதே ஊர்க்காரரின் நிலத்தில் இறங்கினார்கள். பார்க்கத்தான் விட்டார்கள். யார் வர வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நாம் இல்லை.

கீழே வைத்த பறை

1927இல் மகாடில் அம்பேத்கர் மகர் மக்களிடம் செத்த மாட்டைத் தூக்குவதை நிறுத்துங்கள் என்றார். தமிழ்நாட்டில் தென்னார்க்காட்டுப் பக்கம் எல். இளையபெருமாள் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். பிறகு மத்திய அரசு தீண்டாமையைப் பற்றி ஆராய அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானார். 1969இல் அந்தக் குழுவின் அறிக்கை வெளிவந்தது.

பறையைக் கீழே வைப்பது சின்ன முடிவு இல்லை. வைத்த மறுநாள் நிலத்தில் வேலை கிடைக்காது, கடையில் கடன் கிடைக்காது, பொதுவழியில் மாடு ஓட்ட முடியாது. அடி விழுந்த ஊர்களும் உண்டு, குடிசை எரிந்த ஊர்களும் உண்டு. ஆகவே இன்றும் எங்கள் பெரியவர் ஒருவர் பறைச் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடுவார். "நாங்க ஒதைபட்டு நிறுத்துனதை நீங்க காசு குடுத்துப் பாக்கப் போறீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்காமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அவர் வெறுப்பது தோலையும் கட்டையையும் இல்லை. "டேய்" என்று கூப்பிட்ட அந்தக் குரலை.

பறையைத் திரும்பக் கையில் எடுத்தவர்களும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் எடுத்தார்கள். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990களில் தமிழ்நாடெங்கும் எழுந்த தலித் எழுச்சியில் பறை ஊர்வலங்களின் முன்னால் வந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, கிராமத்து மெட்டுகளிலேயே விடுதலைப் பாட்டுகளைக் கட்டினார். 2005இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பாட்டுகள் நிற்கின்றன. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் இளம்பெண்கள் பறையை இடுப்பில் கட்டினார்கள். ஆண்கள் மட்டும், அதுவும் குனிந்து அடித்த கருவியைப் பெண்கள் நிமிர்ந்து அடித்தபோது அதன் பொருள் மாறிவிட்டது.

சாவு வீட்டில் அடித்த தாத்தாவுக்கும் மேடையில் அடிக்கும் பேத்திக்கும் தாளம் ஒன்றுதான். எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது, என்ன கூலி என்று சொல்லும் வாய் மட்டும் இடம் மாறியிருக்கிறது. எங்கள் பெரியவருக்கு நாங்கள் சொல்லும் பதிலும் அதுதான். அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பெயர்

ஜவ்வாது மலைக்கு இந்தப் பக்கம் போளூர், அந்தப் பக்கம் திருப்பத்தூர். ஜமுனாமரத்தூர் வழியாக மலையேறி இறங்கினால் போய்விடலாம். சாதியற்றவர்கள் என்ற பொருளில் இந்த இசைக்குழு வைத்துக்கொண்ட பெயருக்கும் அந்தப் பக்கத்துக்கும் உறவு உண்டு.

பண்டிதர் அயோத்திதாசர் நம் மக்களைச் சாதிபேதமற்ற தமிழர், திராவிடர் என்றே அழைத்தார். 1898இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்தச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயல் மாரிகுப்பத்திலும் திருப்பத்தூரிலும் கடல் கடந்து ரங்கூனிலும் இயங்கின. தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி நம் வட ஆர்க்காட்டிலிருந்து போன மக்கள். 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' படம் எடுத்துக்கொண்ட கதைக்களமும் இந்த வட ஆர்க்காடு, தங்கவயல் உறவுதான்.

1907 ஜூன் 19இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டு கழித்து அது 'தமிழன்' ஆனது. நாள் முழுக்கச் சுரங்கத்தில் பாறை உடைத்துவிட்டு மேலே வந்த மனிதர்களுக்கு அந்த இதழ் வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்தால் பத்துப்பேர் கேட்கிற காலம் அது. அடுத்த இதழ் எப்போது வரும், பண்டிதர் அடுத்து என்ன எழுதுவார் என்று காத்திருந்த அந்தத் தொழிலாளிகள்தான் எங்கள் கணக்கில் நம்முடைய முதல் 'ரசிகர்கள்'. ஊர் அழைத்து வருவதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. தங்களுடைய ஒன்று வருவதற்காகத் தங்கள் காசைக் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

1914 மே மாதம் அயோத்திதாசர் மறைந்தார். கொஞ்ச காலத்தில் இதழும் நின்றது. அதன்பின் நடந்ததைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறோம். இன்றைய ஊகங்களுக்கு அது தேவைப்படும்.

2018 ஜனவரி 6

அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. ஏறக்குறைய இருபது பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கட்ட மோளம், பக்கத்திலேயே கிடார், ட்ரம்ஸ். எல்லோரும் கோட்டு சூட்டில் வந்தார்கள். அந்த உடை யாரை நினைவூட்டுகிறது என்று நம் தெருவில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கானா என்பது வடசென்னையில் சாவு வீட்டு ராத்திரிகளில் வளர்ந்த பாட்டு. சினிமா அதை எடுத்துக்கொண்டபோது பெரும்பாலும் ரவுடிக்கும் குடிகாரனுக்கும் கொடுத்தது. அதே கானாவை இந்த மேடை இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேச வைத்தது, மாட்டுக்கறியைப் பற்றிப் பேச வைத்தது, அம்பேத்கரைப் பற்றிப் பேச வைத்தது. கல்லூரியில் "கோட்டாவுல வந்தவன்தானே" என்ற பேச்சைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்த எங்கள் பிள்ளைகளுக்கு, அதற்குப் பதில் தாளத்தோடு கிடைத்தது. பாட்டுகள் ஒவ்வொன்றாக யூடியூப் வழியாகத்தான் எங்களை வந்தடைந்தன. மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று கேட்டவர்கள் உண்டு.

2020 டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' விழாவைத் தொடங்கியது. மார்கழி என்றால் சபா, சபா என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை விழாவிலிருந்து பிறந்து, 1928இல் அமைந்தது மியூசிக் அகாடமி. அன்றிலிருந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் டிசம்பர் மாதத்தின் இசை என்றால் ஒன்றே ஒன்று என்று ஆகியிருந்தது. அந்த மாதத்தில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்டது பண்பாட்டு அரசியல். பிறகு அந்த விழா சென்னைக்கு வெளியிலும் நடந்தது. மதுரை, கோவை போனார்கள், 2023இல் தங்கவயலுக்கும் போனார்கள். அயோத்திதாசரின் இதழ் போய்ச் சேர்ந்த ஊருக்கு நூறாண்டு கழித்துப் பாட்டு போய்ச் சேர்ந்தது.

ஆகவே "மார்கழியில் என்ன வரும்?" என்று எங்கள் பிள்ளைகள் போடும் ஊகம் காரணமில்லாதது இல்லை. மார்கழியை எதிர்பார்க்கும் பழக்கமே நமக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

பாட்டு பரவியது, பெயர் விட்டுப்போனது

ஊகத்தில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் அறிவு. அரக்கோணத்துக்காரர், நம் பழைய வட ஆர்க்காட்டுப் பிள்ளை. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் அறிவின் பாட்டி வள்ளியம்மா. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்து அனுப்பிய வரலாறு அந்தப் பாட்டின் அடியில் இருக்கிறது. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் இல்லை என்ற நம் பழைய வழக்கை அது கோடிக்கணக்கானவர்களிடம் கொண்டுபோனது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அந்தப் பாட்டின் வெற்றியைப் பேசும் அட்டைப்படத்தை வெளியிட்டது. அட்டையில் பாடகி தீ இருந்தார், இன்னொரு பாடகர் இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பல பக்கமிருந்தும் கண்டனம் எழுந்த பிறகு அறிவை வைத்துத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியது. அங்கும் அறிவு இல்லை. சில நாள்களில், தானே எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு அது என்று அவர் எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மெட்டு கூட்டாக உருவானது, மூவருக்கும் சம உரிமை என்று பதில் சொன்னார். 2024 மார்ச்சில், மூன்றாண்டுகளாக அந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார்.

மெட்டு யாருடையது என்று இங்கே நாங்கள் தீர்ப்பு எழுதவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறோம். உலகமே ஆடிய ஒரு பாட்டுக்குக்கூடப் பெயரும் பணமும் யாருக்கு என்ற கேள்வி இத்தனை ஆண்டு தெருவில் நின்றது.

ராக் இசையின் பிறப்பிலும் இதுதான் நடந்தது. கறுப்பினக் கலைஞர் சக் பெர்ரி 1955இல் 'மேபெலீன்' பாட்டை வெளியிட்டார். பாட்டை எழுதியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயரோடு ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளரின் பெயரும் இருந்தது. ராக் அண்ட் ரோல் என்ற சொல்லைப் பரப்பியவர் என்று புகழப்படும் அந்த மனிதர், அந்தப் பாட்டில் ஒரு வரியும் எழுதவில்லை. வானொலியில் பாட்டு சுழல வேண்டுமென்பதற்காகக் கொடுக்கப்பட்ட பங்கு அது. முழு உரிமை சக் பெர்ரிக்குத் திரும்ப 1986 ஆனது, முப்பத்தொரு ஆண்டு.

நம் நாட்டில் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமைத்தொகைப் பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிட முடியாது என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் ஒப்பாரி சொன்ன பாட்டிக்கு அந்தச் சட்டத்தில் இடம் எங்கே? பறை அடியைக் கண்டுபிடித்தவன் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? நம் சொத்து முழுவதும் பெயர் எழுதாத சொத்து. பெயர் எழுதாத நிலத்தை யார் வளைத்தார்கள் என்று பஞ்சமி நிலப் போராட்டத்தில் பார்த்தோம். பெயர் எழுதாத பாட்டுக்கும் அதே கதி வரும்.

அறிவு 'அம்பாசா' என்று தன் குழுவைக் கட்டி, 2024இல் பாட்டியின் பெயரிலேயே 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். குழு உடைந்துவிட்டது என்று எங்கள் பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். ஒரு பாட்டியின் பெயர் ஆல்பத்தின் மேல் ஏறிய கணக்கையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

ரசிகர்களாகிய நாம் தவறிய இடம்

இந்தக் குழுவில் கானா பாடும் பெண் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் அவர் நின்ற இடத்துக்காக 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். அன்று நாம் எல்லோரும் அவர் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தோம். 2024 நவம்பரில், ஐயப்பனை விளித்துப் பல ஆண்டுகளுக்கு முன் அவர் பாடிய ஒரு பாட்டை மீண்டும் கிளப்பி, மிரட்டலும் ஆபாசமும் கொட்டினார்கள். கோயிலுக்குள் வரும் உரிமையைக் கேட்ட பாட்டு அது. அவர் காவல்துறைக்குப் போக வேண்டியிருந்தது.

அந்த வாரம் நாம் என்ன செய்தோம்? ஒரு கண்டனப் பதிவைப் பகிர்ந்தோம். அடுத்த வாரம் திரும்பவும் "புதுப் பாட்டு எப்போ?" என்று கேட்கத் தொடங்கினோம். இதைச் சொல்ல எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. பாடுகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்காமல் அடுத்த பாட்டை மட்டும் கேட்டால், பொணம் கிடக்கிறது வா என்று கூப்பிட்ட ஊருக்கும் நமக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. இருபது பேர் குழுவில் எங்களுக்கு மூன்று நான்கு பெயர்தான் தெரியும். சட்டி அடிப்பவர் யார், கட்ட மோளம் யார் என்று கேட்டால் தலையைச் சொறிகிறோம். நம் தாத்தாவின் பெயரை ஊர் மறந்தது என்று கோபப்படுகிற நாம், மேடையில் நிற்கிற நம் ஆளின் பெயரைத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் ஊகம், எங்கள் வேலை

சரி, அடுத்த ஆல்பத்தில் என்ன இருக்கும்? எங்களுக்கும் ஆசை உண்டு.

2015 ஏப்ரல் 7இல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளிகளைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த வீடுகளில் ஒப்பாரி விழுந்தது. மலையாளி பழங்குடி மக்களும் நம் மக்களும் ஒரே துக்கத்தில் கிடந்த நாள்கள் அவை. அந்த ஒப்பாரிகள் இன்னும் வாயில் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30இல் எண்பது ஆண்டுத் தடையை மீறி நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். பொங்கல் பானையோடு போன அந்தப் பெண்களின் நடையில் ஒரு தாளம் இருந்தது. இவையெல்லாம் ஆல்பத்தில் வருமா என்று எங்கள் டீக்கடையில் பந்தயம் நடக்கிறது.

பந்தயம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வராது. இங்கேதான் 'தமிழன்' கதையின் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். அயோத்திதாசர் போனபின் நின்ற அந்த இதழ், 1926இல் தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. ஜி. அப்பாதுரையார் ஆசிரியர். யாருக்காகச் சென்னையிலிருந்து இதழ் வந்துகொண்டிருந்ததோ, அந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் ஊரே அதைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. அடுத்த இதழ் எப்போது என்று கேட்ட ஊர், அடுத்த இதழை அச்சிட்டது.

போளூரால் அது முடியாதா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் நம் பகுதி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பணம் திரட்டுகிறது. ஃபிளக்ஸ், பட்டாசு, சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ரா என்று ஒரே இரவில் கரைகிறது. மறுநாள் காலையில் கிழிந்த ஃபிளக்ஸ்தான் மிச்சம். போளூர், கலசபாக்கம், ஆரணிப் பக்கம் உள்ள பத்துப் பகுதிகள் ஓராண்டு சேர்ந்து திரட்டினால், ஒரு குழுவை மரியாதையான சம்பளத்தோடு அழைக்கலாம். மைதானம், மேடை, சவுண்டு, ஜெனரேட்டர், இருபது பேருக்கு வண்டி, தங்குமிடம், பெண் கலைஞர்களுக்குத் தனியறை, காவல்துறை அனுமதி என்று எல்லாவற்றையும் இரண்டு மாதம் முன்பே எழுதி வைத்து வேலை பிரிக்கலாம். சுற்றுப்பயணம் என்பது வானத்திலிருந்து இறங்கும் அறிவிப்பு இல்லை. யாரோ ஒரு ஊரில் அச்சாரம் கொடுக்கிறார்கள், ஆகவே வருகிறார்கள்.

அந்த மேடையில் எங்களுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலில் நம் வட்டாரப் பறைக் கலைஞர்கள் அடிப்பார்கள், அவர்களுக்கும் சம்பளம் உண்டு. நோட்டீசில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும், சட்டி அடிப்பவரிலிருந்து பாடுபவர் வரை. மலையிலும் அடிவாரத்திலும் பாட்டிகளிடம் இருக்கும் ஒப்பாரிகளை இப்போதிருந்தே பதிவு செய்து, சொன்னவர் பெயர், ஊர், தேதியோடு எழுதி வைப்போம். நாளை எந்தக் கலைஞராவது கேட்டால், இது இன்னாருடையது, இன்னார் பெயரைப் போட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வோம்.

இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சம்பளத்தை மேடைக்குப் பின்னால குடுக்காதீங்க, மேடையில வெச்சு எல்லாரும் பாக்கக் குடுங்க" என்றார். நான்காவது நிபந்தனையாக அதையும் சேர்த்துக்கொண்டோம்.

பேச விருப்பமுள்ள பகுதித் தோழர்கள் வாருங்கள். அடுத்த ஏப்ரலுக்கு இப்போதே தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

ஜெய்பீம்.